ரியா என்றொரு பேரும், அப்பா கேட்ட வவுச்சரும்

புனேயில் இருக்கும் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. கும்பகோணத்தில் அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். போபாலில் நான் எங்கள் கிளையில் எல்லோருக்கும் கலாகந்த் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெயர் என்ன என்ற பேச்சு வரும் வரை.

"ரியான்னு வைக்கப் போறோம்ப்பா" என்றான் தம்பி.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்திக்குத் தன் அம்மாவின் பெயர் வர வேண்டும் என்று ஆசை. அம்மாவின் பெயர் குப்பம்மாள். அந்தப் பெயரை இந்தக் காலத்தில் அப்படியே வைக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். "சரி, அர்த்தமுள்ள ஒரு தமிழ்ப் பேராவது" என்று இறங்கி வந்திருந்தார். இப்போது ரியா!

"அர்த்தம் என்னடா?"

"பாடகின்னு போட்டிருக்கான்ப்பா நெட்ல. லட்சுமின்னும் ஒரு இடத்துல போட்டிருக்கு."

"யாரு போட்டிருக்கான்? எந்த நிகண்டுல?"

தம்பியிடம் பதில் இல்லை. ஃபோனை வைத்துவிட்டான். அப்பா அடுத்து என்னை அழைத்தார்.

"டேய், நீ பேங்க்ல வவுச்சர் இல்லாம பணம் கொடுப்பியா?"

"எப்படிப்பா கொடுக்க முடியும்?"

"அப்ப பேருக்கு வவுச்சர் எங்கேன்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு. தொட்டில் போடறதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு."

இப்படித்தான் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாகப் பற்று வரவு எழுதிக்கொண்டிருந்த நான் கிரேக்கப் புராணத்தில் போய் விழுந்தேன். அந்தப் பதினெட்டு நாளில் தேறியதுதான் இந்தப் பதிவு. வெளியூரில் பிள்ளை பெற்று, பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களில் யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் உள்ளூர் விசாரணை

குழந்தைப் பெயர்த் தளங்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பாடகி, லட்சுமி, அழகானவள் என்று அடுக்குகிறார்கள். எந்த வேர்ச்சொல், எந்த நூல் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆடிட்டில் இதை 'ஆதாரமற்ற பதிவு' என்று எழுதுவோம்.

நவம்பர் மாசம் என்பதால் கிளையில் பென்ஷன்தாரர்கள் கூட்டம். லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வந்த ஓர் உருதுப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "உருதுவில் ரியா என்றால் வெளிவேஷம், மேனேஜர் சாப். அரபியில் இருந்து வந்த சொல். ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தொழுவது இருக்கிறதே, அது ரியா. ஆனால் குழந்தைகளுக்கு வைக்கும் ரியா அதுவல்ல, கவலைப்படாதீர்கள்" என்றார். கவலைப்படாமல் எப்படி இருப்பது? அப்பாவிடம் இதை இப்போதைக்குச் சொல்வதில்லை என்று நானும் தங்கமணியும் முடிவு செய்தோம் :-)

ஐரோப்பாவில் மரியா என்ற பெயரைச் சுருக்கி ரியா என்று கூப்பிடுவார்கள். ஸ்பெயினில் கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ரியா என்று பெயர். இவை எல்லாம் ஒலி ஒற்றுமை. தம்பி மனைவி பிறப்புப் பதிவுக்கு எழுதிக் கொடுத்த ஸ்பெல்லிங்கை வாங்கிப் பார்த்தேன். ஆர்-ஹெச்-ஈ-ஏ. அந்த ஹெச் தான் துப்பு. அப்படி எழுதினால் அது கிரேக்கப் பெயர்.

ஆறு பிள்ளை பெற்ற ரியா

சுமார் கி.மு. 700 வாக்கில் வாழ்ந்தவர் ஹெசியட் என்ற கிரேக்கக் கவிஞர். தேவர்களின் வம்சாவளியை ஒரு நீண்ட பாட்டாகப் பாடியிருக்கிறார். 'தியோகனி' என்று அதற்குப் பெயர். ரியாவின் கதை நமக்கு முழுசாகக் கிடைப்பது அதில்தான்.

வானத்துக்கும் பூமிக்கும் பிறந்த மகள் ரியா. அவள் கணவன் குரோனஸ். தன் தகப்பனை வீழ்த்திவிட்டு ஆட்சிக்கு வந்தவன். உன்னையும் உன் பிள்ளை ஒருவன் வீழ்த்துவான் என்று அவனுக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. அதனால் ரியா பெற்ற ஒவ்வொரு குழந்தையையும் பிறந்த உடனே வாங்கி விழுங்கினான். ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன். ஐந்து பேர்.

ஆறாவது பிரசவம் நெருங்கியபோது ரியா தன் தாய் தகப்பனிடம் போய் அழுதாள். அவர்கள் அவளைக் கிரீட் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே பிறந்த குழந்தையைப் பாட்டியான பூமியே வாங்கி ஒரு மலைக்குகையில் ஒளித்து வைத்தாள். ரியா ஒரு கல்லை எடுத்தாள். குழந்தைத் துணியில் சுற்றினாள். கணவன் கையில் கொடுத்தாள். பிள்ளை என்று நினைத்து அதையும் விழுங்கினான் குரோனஸ். தப்பித்த குழந்தைதான் ஸீயஸ்.

பிற்காலத்துக் கதைகள் இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. குழந்தை அழும் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று குகையைச் சுற்றிலும் கேடயத்தில் ஆயுதத்தைத் தட்டி ஆடினார்களாம் சில வீரர்கள். பால் கொடுத்தது அமல்தியா என்ற ஆடு. வளர்ந்து வந்த ஸீயஸ் தகப்பனைக் கக்க வைத்தான். கடைசியாக விழுங்கிய கல் முதலில் வந்தது. பிறகு ஐந்து பிள்ளைகளும் உயிரோடு வந்தார்கள்.

அந்தக் கல் என்ன ஆனது? ஸீயஸ் அதை டெல்ஃபியில் நட்டு வைத்தான் என்கிறார் ஹெசியட். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, கி.பி. 2-ம் நூற்றாண்டில் பவுசானியஸ் என்ற பயணி டெல்ஃபிக்குப் போனபோது அப்படி ஒரு கல்லை அங்கே காட்டியிருக்கிறார்கள். பெரிய கல் இல்லை. தினமும் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள், திருவிழா நாட்களில் நூற்காத கம்பளியைச் சாத்துகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். நமக்கு விளக்க வேண்டுமா என்ன? எண்ணெய்க் காப்பும் வஸ்திரமும்!

சரி, சொல்லுக்கு அர்த்தம்?

நேர்மையாகச் சொன்னால், அறிஞர்கள் ஒத்துக்கொண்ட அர்த்தம் எதுவும் இல்லை. கிரேக்கர்களே ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். 'ரேஓ' என்றால் ஓடுகிறது, பெருகுகிறது. அதிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. பிளாட்டோ எழுதிய 'கிராட்டிலஸ்' என்ற உரையாடலில் சாக்ரடீஸ், பாதி கிண்டலாக, இந்தப் பக்கம் பேசுகிறார். 'எரா' என்றால் தரை. எழுத்தை முன்பின்னாக மாற்றினால் ரியா வரும் என்பது இன்னொரு கட்சி. பூமித்தாய் என்ற பொருளுக்கு அது தோதாக இருக்கிறது. இரண்டுமே நிரூபணம் ஆகவில்லை.

அந்த 'ரேஓ'வுக்கு வடமொழியில் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஸ்ரவதி, அதாவது ஒழுகுகிறது. நாம் ரத்தஸ்ராவம் என்கிறோமே, அந்த ஸ்ராவம். இரண்டும் ஒரே வேர் என்பது மொழியியல்காரர்கள் ஒத்துக்கொண்ட விஷயம். டயரியா என்ற வியாதியின் வாலில் இருப்பதும் இதே 'ரேஓ'தான். இதையும் அப்பாவிடம் சொல்லவில்லை.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்று வேறு இருந்தது. குரோனஸை ரோமானியர்கள் தங்கள் சாட்டர்ன் தெய்வத்தோடு சேர்த்துக் கொண்டார்கள். சாட்டர்ன் யார்? நம்ம சனி! 1672-ல் காஸினி பாரிஸிலிருந்து சனி கிரகத்தின் ஒரு துணைக்கோளைக் கண்டுபிடித்தார். சனியின் நிலாக்களில் டைட்டனுக்கு அடுத்துப் பெரியது அது, குறுக்களவு 1,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1847-ல் ஜான் ஹெர்ஷல் அந்த நிலாக்களுக்கெல்லாம் குரோனஸின் உறவினர் பெயர்களைச் சூட்டியபோது இதற்கு ரியா என்று வைத்தார். ஆக, என் தம்பி மகள் பெயர் சனியைச் சுற்றி வரும் ஒரு நிலாவின் பெயர். பேத்தி ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாத்தாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?

சிங்க வாகனத்தில் வந்தவள்

இன்றைய துருக்கியின் மேற்கு, மத்திய பகுதிகளில் சிபெலி என்ற தாய்த்தெய்வத்தைக் கும்பிட்டார்கள். பக்கத்திலேயே சிங்கங்கள் இருக்கும். கிரேக்கர்கள் இவளையும் ரியாவையும் ஒருத்தியாகவே பார்க்க ஆரம்பித்தார்கள். ஹானிபலோடு நடந்த போரில் தவித்துக்கொண்டிருந்த ரோம், இந்தத் தாயைக் கொண்டுவந்தால் ஜெயிக்கலாம் என்று குறி கேட்டு, கி.மு. 204-ல் அவளுடைய கறுப்புக் கல்லைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தது. கி.மு. 191-ல் பாலடைன் குன்றில் கோயில் எழுந்தது. மறுபடியும் கல்தான் பாருங்கள்.

மேற்கே ரோம் வரை போனவள் கிழக்கே எதுவரை வந்தாள்? என்னைத் தூக்கிவாரிப் போட்டது இங்கேதான். ஆப்கானிஸ்தானின் வடக்கே, ஆமு தரியா ஆற்றங்கரையில் ஐ-கானம் என்ற இடத்தில், அலெக்ஸாண்டருக்குப் பின் வந்த கிரேக்கர்கள் கட்டிய நகரம் ஒன்று இருந்தது. 1960-70களில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டினார்கள். அங்கிருந்த கோயிலில் பொன்முலாம் பூசிய ஒரு வெள்ளித் தட்டு கிடைத்தது. 25 சென்டிமீட்டர் அகலம். சிங்கங்கள் இழுக்கும் தேரில் சிபெலி நிற்கிறாள். மேலே சூரியன், பிறை, நட்சத்திரம். கி.மு. 3-ம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள்.

அதே ஊரில் 1970-ல் கிடைத்த வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் வாசுதேவன், மறு பக்கம் பலராமன்! அகதோக்ளிஸ் என்ற கிரேக்க அரசன் சுமார் கி.மு. 180-ல் அடித்தவை. ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறு பக்கம் பிராமி. பிள்ளையை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கிரேக்கத் தாயும், ஒளித்து வைத்து வளர்க்கப்பட்ட நம் கண்ணனும் ஒரே ஊர் மண்ணுக்குள் கிடந்திருக்கிறார்கள்.

கம்சன் கதையோடு இருக்கும் ஒற்றுமை இதற்குள் உங்களுக்கே தோன்றியிருக்கும். எச்சரிக்கை, வரிசையாகக் கொல்லப்பட்ட சிசுக்கள், ஒளித்து வைத்த ஒரு பிள்ளை, கைமாற்று, மாடு மேய்ப்பவர் வீட்டில் வளர்வது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது, நானும் சொல்லமாட்டேன். ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் நின்றது. கிரேக்கக் கதையில் பிள்ளைக்குப் பதிலாகக் கொடுத்தது ஒரு கல். நம் கதையில் கொடுத்தது ஒரு பெண் குழந்தை.

கிரேக்கர் கண்ணனைக் கும்பிட்டதற்குச் சாட்சி எங்கள் போபாலுக்கு அறுபது கிலோமீட்டருக்குள்ளேயே நிற்கிறது. விதிஷா பக்கம் பேஸ்நகரில் ஹீலியோடோரஸ் தூண். தட்சசீலத்திலிருந்து தூதராக வந்த கிரேக்கர், தன்னை பாகவதன் என்று சொல்லிக்கொண்டு வாசுதேவனுக்கு நட்ட கருடத்தூண், சுமார் கி.மு. 113. ஊர்க்காரர்கள் 'கம்பா பாபா' என்று செந்தூரம் பூசிக் கும்பிட்டு வந்தார்கள். 1877-ல் கன்னிங்ஹாம் பார்த்தபோதுகூட எழுத்து அந்தப் பூச்சுக்கு அடியில்தான் இருந்தது. பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சிபெலி தட்டு பற்றி இன்னொன்று. பேங்க்காரன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1980களின் கடைசியில் காபூலில் சண்டை நெருங்கியபோது அருங்காட்சியக ஊழியர்கள் முக்கியமான பொருட்களைப் பெட்டிகளில் அடைத்து எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஜனாதிபதி மாளிகை வளாகத்தில் இருந்த மத்திய வங்கியின் பெட்டக அறையில். உள்நாட்டுப் போர் வந்தது, அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது, தாலிபான் சிலைகளை உடைத்தார்கள். தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. பொருட்கள் பத்திரமாக இருக்கும் செய்தி 2003-ல்தான் வெளியே வந்தது. பிறகு உலகம் சுற்றிய கண்காட்சியில் இந்தத் தட்டும் போனது. பிள்ளையைக் குகையில் ஒளித்தவளை, சிலபேர் ஒரு பெட்டக அறையில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். ஸ்ட்ராங் ரூம் சாவியை வருஷக்கணக்கில் இடுப்பில் வைத்திருந்த எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பாவிடம் கணக்கு ஒப்படைத்தது

தொட்டில் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு அப்பா, நான், தம்பி, தம்பி மனைவி நாலு பேரும் ஒரே வீடியோ காலில். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உருது உட்பட, டயரியா உட்பட, சனி உட்பட. கணக்கை மறைத்தால் அது கணக்கா?

சனி என்றதும் அப்பா முகம் மாறியது. நான் அவசரமாகச் சொன்னேன். "அப்பா, சனியையே ஏமாத்தினவ அவ. குரோனஸுங்கற பேரைப் பிற்காலத்துல கிரேக்கர்கள் 'க்ரோனோஸ்'ங்கற சொல்லோட சேர்த்துப் பார்த்தாங்க. காலம்னு அர்த்தம். காலம் தன் பிள்ளைகளையே தின்னும்னு விளக்கம் சொன்னாங்க."

"காலம்... காலன்" என்றார் அப்பா.

"சொல்லு வேற வேறதான்ப்பா. ஆனா அர்த்தம் அதேதான். அஞ்சு பிள்ளையைக் காலனுக்குக் கொடுத்தவ, ஆறாவதுக்கு ஒரு கல்லைத் துணியில சுத்திக் கொடுத்து ஏமாத்திட்டா."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "எங்க அம்மாவுக்கு முன்னாடி மூணு குழந்தை தங்கலை. நாலாவதா அம்மா பொறந்ததும் குப்பைமேட்டுல போட்டு, பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துவரச் சொல்லி, தவிடு கொடுத்து வாங்கினாங்களாம். இது குப்பை, உனக்கு வேண்டாம்னு எமன்கிட்ட சொல்றதுக்குத்தான் குப்பம்மாள்னு பேரு."

குப்புசாமி, பிச்சை, மூக்கன் என்று நம் பக்கத்தில் எத்தனை பெயர்கள். சின்ன வயதில் கேலி செய்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தவறிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் கல்லுக்குக் குழந்தைத் துணி சுற்றினாள். இவர்கள் குழந்தைக்குக் குப்பை என்ற துணியைச் சுற்றினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதுதான் தம்பி மனைவி பேசினாள். அதுவரை கேமராவில் அவள் தோள் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. "மாமா, பாடகின்னு சொன்னது அவர்தான். எனக்கு இந்தக் கதை தெரியும். ரெண்டாவது தடவையும் கலைஞ்சப்ப, ஹாஸ்பிடல்ல இருந்த நாலு நாள்ல ஒரு கிரேக்கக் கதைப் புஸ்தகம் படிச்சேன். அடுத்தது பொண்ணா பொறந்தா இந்தப் பேருதான்னு நினைச்சுக்கிட்டேன். ஏன்னு கேட்டா அந்த ரெண்டைப் பத்தியும் பேசணும். அதான் சொல்லலை."

தம்பிக்கே இது தெரியாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஆறு வருஷமாக அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் அவளுக்குக் கஷ்டம் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டிருந்தோம்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பழைய வாத்தியார் குரல் வந்தது. "எல்லாம் சரி. ரகரம் தமிழ்ல மொழிக்கு முதல்ல வராது. நான் 'இரியா'ன்னுதான் எழுதுவேன்."

"எழுதுங்க மாமா."

"இரிதல்னா என்ன தெரியுமா? அஞ்சி ஓடறது. தோத்துப் போறது. இரியாங்கறது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அஞ்சி ஓடாத." கொஞ்சம் நிறுத்தினார். "வேர் அதுவான்னு கேட்காதே. இது நான் போடற வவுச்சர்."

ஆடிட்டில் இது நிற்காது. ஆனால் நான் பாஸ் செய்துவிட்டேன்.

தொட்டிலன்று அப்பா குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னது இரண்டு பெயர்கள். இரியா. குப்பம்மாள். முதலாவது சர்ட்டிஃபிகேட்டுக்கு, இரண்டாவது காலனுக்கு.

பி.கு.: பெயரை எந்த மொழியிலிருந்தும் எடுங்கள், ஆனால் ஸ்பெல்லிங்கை ஒரே மாதிரி வையுங்கள். ஒரே குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் ஆர்-ஹெச்-ஈ-ஏ, ஆதாரில் ஆர்-ஐ-ஒய்-ஏ, பள்ளியில் ஆர்-ஈ-ஒய்-ஏ என்று வைத்துக்கொண்டு கணக்கு திறக்க வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவதா, விரித்துப் பின்னால் எழுதுவதா என்பதையும் வடக்கே இருப்பவர்கள் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கிரேக்கத் தெய்வம் காலனை ஏமாற்றலாம், கேஒய்சி-யை ஏமாற்ற முடியாது :-)